லூக்குமா ஈன்ற நான்காவது குட்டி

மே பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் எங்கள் நாய் லூக்குமா நான்கு குட்டிகள் ஈன்றது. அந்த நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். முதல் மூன்று குட்டிகளும் எங்கள் பக்கத்து விரிங்கோ நாய்கள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன. உடம்பில் ஒரு மயிர் கிடையாது. கழுவி வைத்த கத்தரிக்காய் போலக் கருப்பாக, வழவழவென்று இருந்தன. நான்காவது வெளியே வந்தபோது அதன்மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. அது முடி. கழுத்திலிருந்து வால் நுனிவரை, வெயிலில் காய்ந்த வைக்கோல் நிறத்தில், அடர்த்தியான முடி.

லூக்குமாவுக்கு முடி இல்லை. நான் அதைச் சேர்க்கக் கொண்டுபோன ஆண் நாய் கார்போனுக்கும் முடி இல்லை. நெற்றியில் நாலு மயிர் விறைத்து நிற்கும், அவ்வளவுதான். இரண்டு மொட்டைகளுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சட்டை எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர்ப் பாசனக் குழுவுக்கு நான் பதினோரு ஆண்டாகச் செயலாளர். யாருக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் வாய்க்கால் தண்ணீர் என்று முறை எழுதுவது என் வேலை. மனு எழுத வேண்டியவர்களும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் எதையும் தேதியிலிருந்து தொடங்குவது என் பழக்கம். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினேன். நாய்க்குச் சினைக்காலம் அறுபத்து மூன்று நாள். மே பதினான்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்ச் பன்னிரண்டு. லூக்குமாவைக் கார்போனிடம் விட்டது மார்ச் எட்டும் ஒன்பதும். பத்தாம் தேதி விடியலில் நான் மோத்தூப்பேக்கு மாம்பழக் கொட்டகையில் பெட்டி எண்ணும் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பியது இருபத்தெட்டாம் தேதி. பன்னிரண்டாம் தேதி நான் ஊரில் இல்லை. என் மனைவி ருஃபீனா இருந்தாள். லூக்குமாவோ ருஃபீனா இல்லாமல் வாசலைத் தாண்டாத நாய்.

அப்போதைக்கு இதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டுக்கு ருஃபீனா வந்தாள். எங்கே போயிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கையில் ஒரு பூசணித் துண்டு இருந்தது. தொமாசா வீட்டிலிருந்து வருவதாக அவளே சொன்னாள். கூடையைப் பார்த்ததும் பூசணியைக் கீழே வைத்தாள். நான்காவது குட்டியை அவள் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஆச்சரியம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆச்சரியம் இல்லை. கதவருகே போய்த் தெருவை இரு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். இங்க குடுங்க, நான் கொண்டு போயிடறேன். ஃபிதென்சியோ வர்றதுக்குள்ள."

"எங்க கொண்டு போவ?"

"எங்கயோ. இது உங்களுக்கு எதுக்கு?"

ஃபிதென்சியோ என் மகளுக்கு ஞானத் தகப்பன், கார்போனுக்குச் சொந்தக்காரன். தொமாசா அவன் மனைவி. அந்த ஞான உறவில் ஆணைக் கொம்பாத்ரே என்றும் பெண்ணைக் கொமாத்ரே என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஆண் நாய் யாருடையதோ அவருக்குத்தான் ஈற்றில் முதல் குட்டியைப் பொறுக்கும் உரிமை. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். அவன் வரப்போவது உண்மை. ஆனால் பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத குட்டியை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருத்திக்கு இவ்வளவு தயாராக எங்கிருந்து வரும்?

"இருக்கட்டும்," என்றேன். "எங்கயும் கொண்டு போக வேணாம்."

அவள் பூசணியை நறுக்க உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் லூக்குமாவின் உடம்பை வாசித்தேன். முடியுள்ள நாய் எங்கே போய் வந்தாலும் ஒருமுறை உதறிக்கொண்டால் எல்லாம் போய்விடும். விரிங்கோ அப்படியல்ல. அதன் தோல் ஒரு கரும்பலகை. முள் கிழித்தால் கோடு விழும். வெயிலில் நின்றால் முதுகு சிவந்து உரியும். அதனால்தான் எண்ணெய் தடவுகிறோம். குட்டிகள் பிறந்த ஒன்பதாம் நாள் லூக்குமாவின் அடிவயிற்றில் சாக்குக்கட்டியால் தேய்த்தது போல வெள்ளைத் தூள் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஜிப்சம். எங்கள் ஊரில் ஜிப்சம் சுடும் சூளை ஒன்றே ஒன்றுதான். அது நிக்கானோர் பான்செஸின் சூளை.

நிக்கானோரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் என் தண்ணீர் முறையில் மதகைத் திறந்து தன் பயறுக்குப் பாய்ச்சிக்கொண்டான். நான் மனு எழுதினேன். குழு அவனுக்கு ஒரு மாதத் தண்ணீரை நிறுத்தியது. பயறு கருகிப் போயிற்று. "மத்தவன் கத்தியால குத்துவான், தியோதோரோ சியெஸ்கேன் பேனாவால குத்துவான்," என்று என் பெயரைச் சொல்லியே சிற்றாலயத்து முற்றத்தில் நின்று பேசினான். அன்று மாலை நான் ருஃபீனாவிடம் சொன்னேன்: இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு கல் உப்பு போகக் கூடாது. அவள் சரி என்றாள். அவள் எதிர்த்திருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

நிக்கானோரிடம் த்ரீகோ என்று ஒரு நாய் இருக்கிறது. வைக்கோல் நிறம்.

தூளோடு இன்னொன்றும் இருந்தது. லூக்குமாவின் கழுத்தடியில் கற்பூரத் தைல வாசனை. ருஃபீனாவின் சால்வையிலும் அதே வாசனை. எங்கள் வீட்டில் கற்பூரத் தைலம் கிடையாது, எனக்கு அது மூக்கில் ஏறும். ஒரு வாசனையை மறைக்கத்தான் இன்னொரு வாசனையைப் பூசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. எந்த வாசனையை மறைக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே இரண்டு இரவு விழித்துக் கிடந்தேன். பக்கத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து நேலிதா வந்தாள். வெறிநாய்த் தடுப்பூசி போடும் நாளுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் விலங்குகளைக் கணக்கெடுப்பவள். சின்னப் பெண். ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வாள். எங்கள் பூனை பிந்தா குட்டிகள்மேல் ஏறிப் படுத்திருந்தது. முடியில்லாத குட்டிகளின் சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். முடிக்குட்டியை மட்டும் காலால் தள்ளிவிடும்; அது அன்று வேறொரு கூடையில் இருந்தது. நேலிதா பூனையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, 'பெண்' என்று எழுதிக்கொண்டாள்.

"வாலைத் தூக்கிப் பாக்கலையே, எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கருப்பு, செம்பட்டை, வெள்ளை, மூணு நிறமும் இருக்குல்ல? அப்படின்னா பொட்டைதான் சார். கடுவன்ல மூணு நிறம் ஆயிரக்கணக்குல ஒண்ணு வரும். வந்தாலும் அது மலடாத்தான் இருக்கும்."

"முடி நிறத்தை வச்சே ஆணா பொண்ணான்னு சொல்லிடலாமா?"

"இந்த விஷயத்துல சொல்லிடலாம்."

நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமானால், முடியைப் பார்த்துத் தகப்பனைச் சொல்ல முடியாதா? நேலிதா லூக்குமாவுக்கு வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டு வலிக்காரர்கள் விரிங்கோவை மடியில் வைத்துக்கொள்வார்களே, அதைப் பற்றி அவளாகவே பேசினாள்.

"எல்லா நாய்க்கும் இருக்கற சூடுதான் இதுக்கும், பாருங்க. நடுவுல முடி இல்லாததால அப்படியே கைக்கு வருது. அதான் கொதிக்கற மாதிரி தெரியுது. கைதான் ஏமாறுது, நாய் ஏமாத்தல."

நான் மெதுவாக, வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "ஒரே ஈத்துல ரெண்டு தகப்பன் இருக்க முடியுமா?"

"தாராளமா. நாய்க்கும் முடியும், பூனைக்கும் முடியும். ரெண்டு மூணு நாள் இடைவெளியில வேற வேற ஆண்கூட சேர்ந்துச்சுன்னா, ஒரே வயித்துல ஆளுக்கு ஒண்ணா இருக்கும். ஏன் சார், யார் வீட்ல?"

"யார் வீட்லயும் இல்ல."

எட்டு, ஒன்பது, பன்னிரண்டு. இரண்டு மூன்று நாள் இடைவெளி. படித்த பெண் தன் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த இன்னொரு கூடையைத் துணியால் மூடிக் குட்டியை நான் அவளுக்குக் காட்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் எனக்குப் புதிதாகவும் இருந்தது. நான் விரிங்கோக்களோடு வளர்ந்தவன். என் அப்பாவிடம் எப்போதும் இரண்டு பெட்டைகள் இருக்கும். குட்டி போட்ட அன்று எங்களை எழுப்புவதற்கு முன்பே அவர் கூடையைச் சோதித்து, ஒரு சாக்குப்பையோடு வாய்க்கால் பக்கம் போய் வருவார். "பலவீனமானது ஒண்ணு இருந்துச்சு. எல்லா ஈத்துலயும் ஒண்ணு அப்படி வரும்," என்பார். எங்கள் வீட்டில் ஒருமுறைகூட முடிக்குட்டி பிறந்ததில்லை. அப்படியொரு கறை படியாத வீடு அது.

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பாசனக் குழுக் கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூட்டம் எதுவும் இல்லை. வாய்க்கால் கரையில், சூளைக்கு எதிரே, கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி ஆகியிருக்கும். ருஃபீனா வந்தாள். சால்வைக்குள் லூக்குமாவைக் குழந்தை போலச் சுற்றி வைத்திருந்தாள். தட்டவில்லை. நிக்கானோர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தான், காத்திருந்தவன் போல. அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. அவன் மனைவி பஸ்குவாலா மாதக்கணக்காகப் படுத்த படுக்கை என்பது ஊருக்கே தெரியும். வாசலில் த்ரீகோ வெயிலில் நீட்டிப் படுத்துக் கிடந்தது. அதன் நிறத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். சால்வையில் வெள்ளைத் தூள் இருந்தது.

வீட்டில் அவள் என்னிடம் கேட்டாள், "கூட்டம் எப்படி?"

"நடந்துச்சு," என்றேன். "நீ எங்கயாச்சும் போனியா?"

"நான் எங்க போறேன்?"

இருபத்தாறு ஆண்டு வாழ்க்கையில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அல்லது, எனக்குத் தெரிந்து கேட்டது. அன்று மாலையே மொர்ரோப்பேயில் மரக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். மனு எழுதும் முறைப்படியே எழுதினேன். தங்கள் தங்கையை வந்து அழைத்துச் செல்லவும், காரணங்கள் கீழே காண்க, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கோபம் இருந்தால் நம்ப மாட்டார்கள்.

தடுப்பூசி நாள் சனிக்கிழமை. மொர்ரோப்பே போகும் காலை ஆறரை மணி வேனின் ஓட்டுநரிடம் கடிதத்தைக் கொடுத்து, நேராக அண்ணன் கையில் சேர்க்கச் சொன்னேன். பிறகு நான்காவது குட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு சிற்றாலயத்து முற்றத்துக்குப் போனேன். ருஃபீனா பூனையையும் லூக்குமாவையும் தூக்கிக்கொண்டு முன்பே போயிருந்தாள்.

முற்றம் முழுக்க நாயும் பூனையும் கோழிச் சத்தமும். நேலிதா மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஃபிதென்சியோ என்னைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன கொம்பாத்ரே, மூணு வாரமா என் குட்டியைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்க? பொன்னுல செஞ்சதா? காட்டுங்க, காட்டுங்க."

அவனே துணியை விலக்கினான். குட்டி கொட்டாவி விட்டது. ஃபிதென்சியோ குனிந்து பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடி குனிந்து பார்த்தான்.

"இது என்ன?"

"லூக்குமா போட்டது."

"என் கார்போனுக்கா? இதுவா? கொம்பாத்ரே, உங்க நாய் எந்தத் தெருவுல திரிஞ்சுச்சு?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் நானும் வந்திருக்கேன்."

முற்றத்தைக் கடந்து நேராக நிக்கானோரிடம் போனேன். அவன் த்ரீகோவைக் கயிற்றில் பிடித்தபடி வரிசையில் நின்றான். குட்டியை எடுத்து அவன் நாயின் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரே நிறம். சுற்றிலும் பேச்சு அடங்கத் தொடங்கியது.

"என்ன செயலாளரே," என்றான் நிக்கானோர், "இப்ப நாய்மேலயும் மனு எழுதப் போறீங்களா? சாட்சிக் கையெழுத்துக்கு இது பாதத்தை நீட்டுமே!"

சிலர் சிரித்தார்கள்.

"உன் நாய் என் வீட்டுக்கு வரல, நிக்கானோர். என் நாய்தான் உன் வீட்டுக்கு வந்துச்சு. தனியா வரல."

அதோடு சிரிப்பு நின்றது. ருஃபீனா வரிசையின் நடுவில் பூனையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுக்கவில்லை, சிவக்கவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது யாரோ சிரித்தார்கள். ஃபிதென்சியோவின் மனைவி தொமாசா. வாயைக் கையால் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"அடப்பாவி மனுசா, இந்த ஒரு முடிக்குட்டிக்கா இவ்வளவு பெரிய வழக்கு?" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏய் ஃபிதென்சியோ, உன் கார்போன்கூடப் பிறந்தது எத்தனை?"

"மூணு. ஏன்?"

"அஞ்சு. ரெண்டு முடியோட பொறந்துச்சு. நான்தான் மடியில சுத்தி வாய்க்காலுக்குக் கொண்டு போனேன். நீ பாத்தா, நாய் எங்க மேஞ்சுட்டு வந்துச்சுன்னு ஆடுவியேன்னு. அதுக்கு முந்தின ஈத்துல ஒண்ணு. அதுக்கும் முந்தி ஒண்ணு. எங்கம்மா வீட்லயும் அப்படித்தான். நம்ம வீட்டு நாய்தான் ஒழுங்கில்ல போலன்னு இத்தனை வருசம் வாயைத் திறக்காம இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மெல்லக் கேட்டது. "உங்க வீட்லயுமா கொமாத்ரே?"

"ஏன், உங்க வீட்ல?"

"போன ஆகஸ்ட்ல ரெண்டு."

"எங்க வீட்ல நான் வாய்க்கால்ல போடுறது கிடையாது, எங்க மாமியார் பாத்துக்குவாங்க."

"அட, எங்க வீட்ல நானே பண்ணுவேன்," என்றார் சிற்றாலயத்து மணியடிக்கும் கிழவர், தொப்பியைக் கழற்றியபடி. "வீட்டுக்காரிக்குக்கூடச் சொன்னதில்ல."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தாழ்ந்த குரலில், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல. பக்கத்து வீட்டுக்காரன் சொல்லும்போது ஆச்சரியப்பட்டு, அடுத்து தாங்களும் சொன்னார்கள். நேலிதா ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டாள்.

"ஐயோ, என்ன செஞ்சிட்டு இருந்திருக்கீங்க! மொட்டையும் மொட்டையும் சேர்ந்தா மூணுல ஒண்ணு முடியோடதான் பொறக்கும். தகப்பன் மாற வேண்டியதே இல்ல. நாலு வருசமா இந்த ஊர்ல எண்ணிட்டிருக்கேன், ஒரு முடிக்குட்டியைக்கூட யாரும் காட்டினதில்ல. இந்த ஊர் நாய் ஏதோ தனி ரகம் போலன்னு மேலிடத்துக்கு எழுதியே அனுப்பிட்டேன்!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், அன்னிக்குக் கூடையில துணியை மூடி வச்சிருந்தீங்களே, இதுதானா? காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

என் கையிலிருந்த குட்டி என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அப்பாவின் சாக்குப்பை நினைவுக்கு வந்தது. எல்லா ஈத்துலயும் ஒண்ணு அப்படி வரும். பலவீனமானது. அந்தப் பைக்குள் இருந்தது என்ன நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப இது த்ரீகோவோடது இல்ல," என்றேன். அது கேள்வியா பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

நிக்கானோர் என் அருகே வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"த்ரீகோவுக்குக் காயடிச்சு மூணு வருசம் ஆச்சு, செயலாளரே. அது போகட்டும். ருஃபீனா எங்க வீட்டுக்கு வர்றது நிஜம். செவ்வாய், வியாழன், சனி. என் பொண்டாட்டிக்கு இடுப்புல உயிர் போற வலி. கற்பூரத் தைலம் தேய்ச்சு, உங்க நாயைப் பக்கத்துல படுக்க வச்சா ஒரு மணி நேரம் தூங்கறா. மார்ச்ல ஆரம்பிச்சோம், நீங்க மோத்தூப்பே போயிருந்தப்ப. பஸ்குவாலா உங்க பொண்டாட்டிக்குச் சித்தப்பா மகள்ங்கறது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கல் உப்பு என்று சொன்ன அன்று அது ஞாபகத்தில் இல்லை.

நான் ருஃபீனாவைத் தேடினேன். அவள் பூனைக்கும் லூக்குமாவுக்கும் ஊசி போடவைத்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. வேன் திரும்பும் இடத்துக்கு ஓடினேன். பதினோரு மணி வேன் வந்து நின்றிருந்தது.

"அந்தக் கடிதம் எங்க?"

"மரக்கடை பூட்டியிருந்துச்சு," என்றார் ஓட்டுநர். "அண்ணன் சிக்லாயோ போயிட்டாராம். அதான் வர்ற வழியில உங்க வீட்டம்மாகிட்டயே கொடுத்தேன். அவங்க அண்ணன்தானே, யார்கிட்ட கொடுத்தா என்ன?"

வீட்டுக்கு நடந்தேன். முந்நூறு அடி தூரம்தான். வழியில் என்னென்ன சொல்லலாம் என்று வரிசையாக யோசித்தேன். ஒன்றும் வரிசையில் நிற்கவில்லை.

ருஃபீனா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கடிதம் அவள் முன்னால் இருந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

"உங்க கையெழுத்து," என்றாள். "எங்க அண்ணனுக்கு நீங்க எழுதி இருபது வருசம் ஆச்சு. என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. குடு இப்படி."

"ஒண்ணும் இல்லாததுக்கு யாராச்சும் உறை போட்டு ஒட்டுவாங்களா? படிங்க."

"ருஃபீனா..."

"நான் படிச்சா கண்ணு வலிக்கும். நீங்கதானே ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்றவரு. எனக்கும் படிச்சுச் சொல்லுங்க."

நின்றுகொண்டே பிரித்தேன். மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு. தேதி. நலம் விசாரிப்பு. தங்கள் தங்கையை வந்து அழைத்துச் செல்லவும். காரணங்கள் கீழே காண்க. முதலாவது, குட்டியின் முடி. இரண்டாவது, மார்ச் பன்னிரண்டாம் தேதி. மூன்றாவதில் கடிதத்தை இறக்கினேன். மூன்றாவது, ஜிப்சம் தூளும் கற்பூர வாசனையும்.

"நிறுத்தாதீங்க," என்றாள்.

நான்காவதையும் படித்தேன். மரத்தடியில் உட்கார்ந்து நான் பார்த்த கதவு.

"அறுபத்து மூணு நாள் பின்னாடி எண்ணத் தெரிஞ்சிருக்கு. தூளை நாக்குல வச்சுப் பாக்கத் தெரிஞ்சிருக்கு," என்றாள் ருஃபீனா. "எங்க போனேன்னு கேக்க மட்டும் தெரியல."

"கேட்டேன். எங்கயும் போகலன்னு பொய் சொன்ன."

"பாத்துட்டு வந்து கேட்டீங்க. அதுக்குப் பேரு கேக்கறது இல்ல." அவள் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்தாள். "சரி, நானும் பொய் சொன்னேன். லூக்குமாவோட முதல் ஈத்துல ஒண்ணு செத்துப் பொறந்துச்சுன்னு சொன்னேனே, அதுவும் பொய். அதுக்கும் முடி இருந்துச்சு. உயிரும் இருந்துச்சு."

எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த, உழவர்களின் புனிதர் சான் இசித்ரோ படத்துக்குப் பின்னால் கடிதத்தைச் செருகினாள்.

"கிழிச்சிடலாமே," என்றேன்.

"எதுக்கு? இது எங்க அண்ணனுக்கு எழுதினது. இங்கயே இருக்கட்டும். அனுப்பணும்னு எனக்குத் தோணிச்சுன்னா நானே வேன்ல கொடுத்துவிட்டுக்கறேன். செவ்வாய்க்கிழமைல இருந்து லூக்குமாவை நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்."

மறுநாள் ஃபிதென்சியோவும் தொமாசாவும் குட்டி பொறுக்க வந்தார்கள். ஃபிதென்சியோ கருப்புக் குட்டிகளில் ஒன்றை எடுத்துப் பின்னங்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தொமாசா குனிந்து நான்காவதைத் தூக்கிக்கொண்டாள்.

"முதல் உரிமை நமக்குத்தானே? எனக்கு இதுதான்."

"பைத்தியமா உனக்கு? ஊரே சிரிக்கும்."

"நேத்தே சிரிச்சு முடிச்சாச்சு. வா."

இப்போது அதற்கு எல்லாப் பல்லும் முளைத்துவிட்டன. அதன் உடன்பிறப்புகளுக்கு வாயில் பாதி இடம் காலி, நாக்கு பக்கவாட்டில் தொங்குகிறது. முடியில்லாதவற்றுக்குப் பல்லும் சரியாக வராது, இரண்டும் சேர்ந்தே வரும் என்று நேலிதா சொன்னாள். எல்லாப் பல்லோடும் இருப்பது ஃபிதென்சியோவின் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது. அவன் என்னைப் பார்த்தால் கொம்பாத்ரே என்று கூப்பிடுவதற்கு முன் தன் காலைத்தான் காட்டுகிறான்.

செவ்வாய், வியாழன், சனி, ஒன்பது மணிக்கு நான் லூக்குமாவைச் சால்வையில் சுற்றிக்கொண்டு சூளைக்குப் போகிறேன். நிக்கானோர் கதவைத் திறப்பான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவன் ஒரு நாற்காலியை வெயில் படாத இடத்தில் இழுத்துப் போடுவான். பஸ்குவாலாவின் இடுப்போரமாக லூக்குமா சுருண்டுகொள்ளும். முதலில் அவள் விரல்கள் தளரும், பிறகு கண் மூடும். வீட்டுக்குத் திரும்பும்போது என் சட்டை முழுக்க வெள்ளைத் தூள். மூக்கில் கற்பூரம்.

வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, ருஃபீனா பார்க்காத நேரம் பார்த்து சான் இசித்ரோ படத்தை ஒரு விரலால் நகர்த்திப் பார்ப்பது. வேன் ஹாரன் அடித்தாலும் பார்க்கிறேன். கடிதம் இருக்கும். ஆனால் இன்று காலை பார்த்தபோது மடிப்பு வேறு மாதிரி இருந்தது. அவள் மூன்றாக மடித்துத்தான் செருகினாள். இப்போது நான்காக மடிந்திருக்கிறது. யாரோ எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

தேதியைப் பார்க்கக் காலண்டர் பக்கம் போன என் கால் பாதியில் நின்றது. சமையலறைக்குப் போனேன்.

"ருஃபீனா, அந்தக் கடிதத்தை எடுத்தியா?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா. அப்பப்ப எடுத்துப் படிக்கறேன்."

"எதுக்கு?"

"ஒன்பது ஆகப் போகுது," என்றாள். "பஸ்குவாலா காத்திருப்பா."

நான் லூக்குமாவைத் தூக்கிக்கொண்டேன்.